விஷப்பாம்புகளைக் காப்பாற்ற அவற்றை வீட்டில் வைத்துப் பராமரிக்கலாமா?

கரிசல்_முத்து:

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

என் அக்கா மகனுக்கு வயது 22. எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று யார் போன் பண்ணினாலும் ராத்திரி, மழை எதுவும் பார்க்காமல் கிளம்பிவிடுவான். காசு வாங்க மாட்டான். முன்பெல்லாம் எங்கள் தெருவில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவார்கள். இப்போது அவன் நம்பரைத் தேடுகிறார்கள். அந்த மட்டில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் கொஞ்ச நாளாகப் பிடித்த பாம்பை உடனே கொண்டுபோய் விடுவதில்லை. அடிபட்டிருக்கிறது, தேறட்டும் என்று மாடி அறையில் வைத்துக்கொள்கிறான். இப்போது அங்கே இரண்டு கண்ணாடி விரியனும் ஒரு நல்ல பாம்பும் இருக்கின்றன. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, மேலே ஒரு செங்கல். கீழ்வீட்டில் அக்கா, அத்தான், பள்ளிக்கூடம் போகும் சின்னவள். கேட்டால், "மாமா, இதெல்லாம் அழிஞ்சிட்டு வருது. வெளிநாட்டுல இப்படி வச்சுத்தான் காப்பாத்துறாங்க. நானும் ஒரு பாதுகாப்பு மையம் தொடங்கப் போறேன்" என்கிறான். பொழுதுபோக்காகச் சொல்லவில்லை, ராப்பகலாக அதைப் பற்றியே படிக்கிறான்.

இது சரிதானா? அவன் மனம் நோகாமல் என்ன சொல்வது?

தேன்கூடு:

முதலில் சட்டம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், ராஜநாகம் எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்டதற்கு வைத்தியம் பார்த்தேன் என்றாலும் அதேதான். நாளைக்கே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்கச் சொல்லுங்கள். தானாகப் போய்ச் சொல்வதற்கும், அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து அவர்கள் வருவதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

பானைச்சோறு_பழனி:

முத்து அண்ணே, நான் பாம்புப் பண்ணையில் பல வருடம் பராமரிப்பாளராக வேலை பார்த்தவன். நீங்கள் எழுதியதில் அந்தச் செங்கல்லில்தான் என் கண் நின்றது.

விஷப்பாம்பு இருக்கும் அறை எப்படி இருக்கும் தெரியுமா? ஒவ்வொரு கூண்டுக்கும் பூட்டு. அறைக்கு ஒரு கதவு, அதைத் தாண்டி இன்னொரு கதவு. கதவுக்குக் கீழே காகிதம் நுழையும் சந்துகூட இருக்காது. தரையில் ஒரு வாளி, ஒரு துணிமூட்டை கிடக்காது. ஒன்று தப்பினாலும் அது அந்த அறையிலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக இத்தனையும். கூண்டின் மேல் அட்டையில் என்ன பாம்பு, எத்தனை, கடைசியாக எப்போது தின்றது, எப்போது சட்டை உரித்தது, யார் கடைசியாகத் திறந்தது எல்லாம் எழுதியிருக்கும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னது: பாம்பைக் கண்ணால் பார்க்காமல் கதவைத் தொடாதே. மறைவிடத்துக்குள் இருக்கும் என்று நினைத்துத் திறக்கக்கூடாது. வாலாவது தெரிகிற வரை நிற்க வேண்டும். பண்ணைகளில் கடி விழுவது பெரும்பாலும் வேடிக்கை காட்டும்போது இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கும்போது, எச்சத்தை வழிக்கும்போது, எலியை எடுத்த கையோடு அடுத்த கூண்டைத் திறக்கும்போது. கையில் எலி வாடை இருந்தால் பாம்புக்குக் கை வேறு, எலி வேறு இல்லை. சட்டை உரிப்பதற்கு முன்னால் அதன் கண் பால் ஊற்றியதுபோல மங்கிவிடும். அந்த நாட்களில் அதற்குச் சரியாகத் தெரியாது, சிறு அசைவுக்கும் சீறும். அப்போது கூண்டைத் தொடாமல் விடுவதே நல்ல பராமரிப்பு.

கட்டுவிரியன் இன்னும் மோசம். பகலில் தலையை உடம்புச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கும். தட்டினாலும் நகராது. சாது என்று நம்பிவிடுவோம். அதே பாம்பை இருட்டிய பிறகு பாருங்கள், வேறு பிராணி மாதிரி இருக்கும்.

உடனே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கண்ணாடி விரியன்களில் பெட்டை இருக்கிறதா? கண்ணாடி விரியன் முட்டை இடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, நாற்பது என்று போடும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்தான், ஆனால் பிறக்கும்போதே விஷப்பல்லும் விஷமும் உண்டு. மூடியில் போட்ட ஓட்டை எவ்வளவு பெரியது என்று இன்றைக்கே பாருங்கள். தாய் வெளியே வர முடியாத ஓட்டை குட்டிக்கு வாசல்.

தம்பியைத் திட்டாதீர்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவனை மாதிரி ஒரு வேகத்தில்தான் வருகிறார்கள். ஆனால் பாம்பின் மேல் உள்ள அன்பு கூட்டிப் பெருக்குவதிலும், பூட்டுவதிலும், எழுதி வைப்பதிலும் தெரிய வேண்டும். தனியாக ஒருத்தன் விஷப்பாம்புக் கூண்டைத் திறக்கவே கூடாது என்பது எங்கள் பண்ணையில் மாறாத விதி. மாடி அறையில் அவனுக்கு அந்த இரண்டாவது ஆள் யார்?

ஆலமரத்தடி:

//இந்த வேலைக்கு வருகிறவர்கள்//

பழனி ஐயா, எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. இந்த வேலை எதற்கு? நல்ல பாம்பும் விரியனும் வரப்புக்கு வரப்பு இருக்கின்றன. பெட்டியில் அடைத்து எதைக் காப்பாற்றப் போகிறோம்? பாம்புக்கு வேண்டியது புதரும் புற்றும் எலியும். அதை விட்டுவிட்டு உயிரைப் பணயம் வைத்துக் கூண்டில் வளர்ப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

புல்லாங்காடு:

ஆலமரத்தடி சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. நான் ஊர்வன ஆய்வில் இருப்பவள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம்மூரில் அதிகம் பேரைக் கடித்துக் கொல்லும் நான்கும், அதாவது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், அருகிப்போனவை இல்லை. அவற்றைப் பெட்டியில் வைத்து இனத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை இன்று இல்லை. அப்படிச் சொல்லி யாராவது நன்கொடை கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

ஆனால் கூண்டு இல்லாமல் பிழைத்திருக்காத பாம்புகளும் உண்டு. ஹங்கேரியின் புல்வெளி விரியன் அப்படித்தான். சின்னப் பாம்பு, வெட்டுக்கிளி தின்று வாழ்வது. அது இருந்த புல்வெளிகளை உழுதுவிட்டார்கள், எஞ்சியவை சில துண்டு நிலங்களில் ஒதுங்கிவிட்டன. 2004-இல் அதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். காட்டிலிருந்து கொஞ்சம் பாம்புகளை எடுத்து, வெளிவெயிலும் புல்லும் உள்ள அடைப்புகளில் இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். கூடவே நிலத்தை வாங்கி, உழுத இடத்தை மறுபடி புல்வெளியாக்கினார்கள். குட்டிகளை அங்கே விடுகிறார்கள். விடுவதற்கு இடம் தயாராகாமல் கூண்டில் பெருக்கி என்ன பயன்? ஆலமரத்தடி கேட்கிற புதரும் புற்றும் அந்தத் திட்டத்திலேயே பாதி.

இங்கே ராஜநாகத்தைச் சொல்லலாம். உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. இலைச்சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டைக்குக் காவல் இருக்கும் பாம்பு. மங்களூருவின் பிலிகுளா உயிரியல் பூங்காவில் கூண்டிலேயே முட்டை பொரிக்க வைத்திருக்கிறார்கள். சாதாரண காரியம் இல்லை. ராஜநாகத்தின் தீனியே மற்ற பாம்புகள்தான், ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பார்த்துக்கொண்டே நிற்கிற ஆள் வேண்டும். அதே சமயம், கர்நாடகத்தின் ஆகும்பேயில் 2005-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் ராஜநாகங்களுக்கு ரேடியோ கருவி பொருத்திக் காட்டிலேயே பின்தொடர்ந்தார்கள். 2024-இல் ராஜநாகம் ஒரே இனமில்லை, நான்கு இனம், மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது தனி இனம் என்று பிரித்தார்கள். அப்படியானால் ஓரிடத்துப் பாம்பை இன்னோரிடத்துப் பாம்போடு கூண்டில் சேர்ப்பதுகூடத் தப்பாகப் போகலாம். இதெல்லாம் யோசிக்க ஆளும் ஏடும் உள்ள இடத்தில்தான் இந்த வேலை நடக்க வேண்டும்.

இன்னொன்று, தம்பிக்காக. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் வைத்தால் ஒன்றின் செள்ளும் நோயும் மற்றதற்குப் போகும். தேறிவிட்டது என்று நினைத்து அதைக் காட்டில் விட்டால் நோயையும் சேர்த்து விடுகிறோம். பழக்கமில்லாத தூரத்து இடத்தில் விட்ட பாம்புகள் அலைந்து திரிந்து செத்துப்போவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அன்றைக்கே விடுவதுதான் பாம்புக்கு நல்லது.

செங்கை_வேலு:

ஆலமரத்தடி அண்ணா, கூண்டு எதற்கு என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் சோறு வந்ததே அதிலிருந்துதான், நான் சொல்கிறேன். நான் இருளர் வீட்டுப் பிள்ளை. அப்பா பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்.

தாத்தா காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். சாரை, நல்ல பாம்பு எல்லாம் மூட்டை மூட்டையாகப் போனதாம். 1972 சட்டமும், 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அதை நிறுத்தின. நிறுத்தியது நல்லதுதான். ஆனால் பாம்பைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பங்களுக்கு அடுத்த வேளைக்கு வழியில்லை. அப்போதுதான் விட்டேகரும் எங்கள் பெரியவர்களும் சேர்ந்து 1978-இல் சங்கம் ஆரம்பித்தார்கள். பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பை விட்டுவிடலாம் என்பதுதான் யோசனை. வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள்ளேயே சங்கம் இருக்கிறது. மகாபலிபுரம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

பாம்புகளை மண்பானையில் வைப்பார்கள். பானையில் பாதிக்குக் கீழே மணல், வாயில் பருத்தித் துணி கட்டியிருக்கும். துணி வழியாகக் காற்று போகும், உள்ளே இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும். பாம்புக்கு அது வளை மாதிரி, மோதிக்கொள்ளாது. ஒரு பாம்பிடம் வாரத்துக்கு ஒரு தடவை என்று நாலு தடவை விஷம் எடுப்பார்கள். அத்தோடு சரி. வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளத்தோடு மறுபடி மாட்டினால் பிடித்த கையோடு விட்டுவிட வேண்டும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி உண்டு, அதற்கு மேல் ஒன்றுகூடப் பிடிக்க முடியாது.

எடுக்கும்போது பாருங்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் மெல்லிய தாள் இழுத்துக் கட்டியிருக்கும். அப்பா பாம்பை வாலில் தூக்கி, கம்பியால் கழுத்தை மெல்ல அழுத்தி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாடைக்குப் பின்னால் வருகிற மாதிரி பிடிப்பார். இறுக்கினால் பாம்புக்குக் கழுத்து முறியும், தளர்த்தினால் அவருக்குக் கடி. தாளைக் கடித்ததும் பல்லிலிருந்து விஷம் வழிந்து குடுவையில் இறங்கும். கண்ணாடி விரியன் என்றால் ஒரு பிடியில் நன்றாகவே இறங்கும். சுருட்டையும் கட்டுவிரியனும் சொட்டுக்குக் குறைவாகத்தான் தரும். அதனால்தான் ஒரு கிராம் சேர்க்க அத்தனை பாம்பு வேண்டியிருக்கிறது. அதை உறையவைத்துக் காயவைத்துப் பொடியாக்கி, மருந்து செய்கிற கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அவர்கள் குதிரைக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரை ரத்தத்தில் வருகிற எதிர்ப்புப் பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் மருந்துக்குப் போகிற விஷத்தில் பெரும்பகுதி எங்கள் ஆட்கள் கையால் எடுத்தது. 2023-இல் எங்கள் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அழாத ஆள் இல்லை.

ஆலமரத்தடி:

வேலு, இதை இவ்வளவு நெருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனுஷனுக்கு மருந்து என்பது புரிகிறது. பாம்புக்கு இதில் என்ன நன்மை என்பது மட்டும் இன்னும் இடிக்கிறது.

செங்கை_வேலு:

அண்ணா, எங்கள் பக்கம் விவசாயிகள் பாம்பைப் பார்த்தால் இப்போது அப்பாவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். முன்னே மண்வெட்டிதான். கடித்தாலும் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்று தெரிந்த ஊரில் பாம்பை அடிப்பது குறையும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம், பாம்பு உயிரோடு வரப்பில் இருந்தால்தான் எங்களுக்கும் பிழைப்பு.

மாலை_ஷிப்ட்:

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் செவிலியர். பாம்பு பிடிக்கும் பையன்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கடிபட்டு வருகிறவர்களில் விவசாய வேலை செய்கிறவர்கள் பயந்துபோய்ச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். பாம்பு பிடிப்பவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். "பல் சரியா இறங்கல", "இது சும்மா கடி, விஷம் விடல" என்று தாங்களே தீர்ப்பு சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். விஷம் இறங்காத கடி உண்டுதான். ஆனால் இது அந்தக் கடியா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்றால், நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்துப் புதிய கண்ணாடிக் குழாயில் விடுவோம். சோப்பு போட்டுக் கழுவிய குழாய் கூடாது, முடிவு தப்பாக வரும். அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். கண்ணாடி விரியனோ சுருட்டையோ கடித்து விஷம் ஏறியிருந்தால் தண்ணீராக ஓடும். அந்த 20 நிமிடமும் கூட வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் குழாய் உறைந்தாலும் விட்டுவிட மாட்டோம், மணிக்கணக்கில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் வேறு மாதிரி. இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. தூக்கத்தில் கடிபட்டவருக்குக் கடித்ததே தெரியாமல் காலையில் வயிற்றுவலி என்று வருவார்.

பாம்பு பிடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. விஷமுறிவு மருந்து குதிரைப் புரதம். ஏற்கெனவே ஏற்றிக்கொண்டவர் உடம்பு அதை நினைவில் வைத்திருக்கலாம், அடுத்த தடவை ஒவ்வாமை கடுமையாக வரலாம். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஏற்றவே தொடங்குவோம். நாளடைவில் பாம்பின் விஷத்துக்கே ஒவ்வாமை வந்துவிடுகிறவர்களும் உண்டு. மருந்து இருக்கிறதே என்ற தைரியத்தில் பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறுக்கிக் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் செய்வதுபோல அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வரவே வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. எல்லாக் கடியும் கணக்கில் வந்தால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து என்று தெரியும். அதனால் சின்னக் கடி என்று மறைக்காதீர்கள்.

நாகமணி_99:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே. அமெரிக்காவில் பில் ஹாஸ்ட் என்று ஒருவர் தினமும் வெறும் கையால் விஷம் எடுத்து, தனக்குத்தானே விஷ ஊசி போட்டுப் பழகி 100 வயது வரை வாழ்ந்தார். பழகினால் உடம்பு தாங்கும். தம்பி தைரியமாகச் செய்யட்டும்.

புல்லாங்காடு:

ஹாஸ்ட் பெரிய மனிதர். 1947-இல் மியாமியில் பாம்புப் பண்ணை தொடங்கினார், 170 தடவைக்கு மேல் கடிபட்டார், 2011-இல் நூறு வயதில் இறந்தார். மருந்து கிடைக்காத கடிகளுக்குத் தன் ரத்தத்தையே கொடுத்திருக்கிறார். எல்லாம் சரி. அவர் விரல்கள் கடைசியில் எப்படி இருந்தன என்று படம் தேடிப் பாருங்கள். 2025-இல் இன்னொரு அமெரிக்கர், டிம் ஃபிரீட், பல வருடம் தன் உடம்பில் விஷம் ஏற்றிக்கொண்டதால் உண்டான எதிர்ப்புப் பொருளை வைத்து எலிகளில் சோதித்த ஆய்வு வெளிவந்தது. அந்தக் கலவையும் நாகம், கட்டுவிரியன் குடும்பத்துக்குத்தான். தம்பி மாடியில் வைத்திருக்கிற கண்ணாடி விரியனுக்கு அது இல்லை.

பிழைத்த ஒருவரைச் சொன்னீர்கள், போன இருவரையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்ல் ஷ்மிட், சிகாகோ அருங்காட்சியகத்தில் ஊர்வனவியலில் பெரிய பெயர். 1957-இல் பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பின் குட்டி ஒன்று அவர் கட்டைவிரலில் கடித்தது. அதெல்லாம் கொல்லும் பாம்பு இல்லை என்று அன்றைக்கு நினைத்தார்கள். தன் உடம்பில் நடப்பதையெல்லாம் குறிப்பாக எழுதிக்கொண்டே இருந்தார், மறுநாள் இறந்தார். ஜோ ஸ்லோவின்ஸ்கி, கட்டுவிரியன் வகைகளில் தேர்ந்தவர். 2001 செப்டம்பரில் வடக்கு மியான்மர் காட்டில், விஷமில்லாத பாம்பு என்று நினைத்திருந்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது சின்னக் கட்டுவிரியன். நண்பர்கள் மாறி மாறி வாயால் மூச்சு கொடுத்து மணிக்கணக்கில் போராடினார்கள். மழையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. இருவருக்கும் படிப்பும் அனுபவமும் நிறைய இருந்தன.

பானைச்சோறு_பழனி:

நாகமணி தம்பி, பாம்பைத் தொட்டுப் பழகினால் பயம் போகும், உண்மைதான். பயம் போன அன்றைக்குத்தான் எங்கள் மேற்பார்வையாளர் ஆளைக் கூண்டு வேலையிலிருந்து எடுத்து எலி வளர்க்கும் அறைக்கு அனுப்புவார்.

கரிசல்_முத்து:

இழை முழுவதையும் அவனிடமே படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. பழனி அண்ணன் எழுதிய குட்டி போடும் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை படித்தான். அப்புறம் அவனே வனத்துறைக்குப் போன் போட்டான். வந்து மூன்றையும் எடுத்துப் போனார்கள். அதில் ஒரு விரியனுக்கு வயிறு கனமாக இருக்கிறது என்று வந்தவரே சொன்னார். இனிமேல் அவர்களுக்குத் தகவல் சொல்லாமல் பிடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். கேரளத்தில் வனத்துறையே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருவதாகவும், 'சர்ப்பா' என்று ஒரு செயலி வழியாகவே பாம்பு பிடிக்க ஆள் அனுப்புவதாகவும் படித்தானாம். நம் மாவட்டத்தில் யாரைக் கேட்பது என்று வந்த வனக்காப்பாளரிடமே விசாரித்திருக்கிறான். எல்லோருக்கும் நன்றி.

யாழ்_வடலி:

இழையைப் பிந்தித்தான் கண்டேன். வேலு எழுதினதுக்கு எங்கட பக்கத்துக் கதையையும் சொல்ல வேணும்.

இலங்கை ஆஸ்பத்திரிகளில ஏத்துற விஷமுறிவு மருந்து இந்தியாவில இருந்துதான் வருது. இந்தியப் பாம்பின்ர விஷத்தில செய்தது. எங்கட புடையனும் (உங்கட கண்ணாடி விரியன்) நாகமும் பார்வைக்கு ஒண்டுதான், ஆனா விஷம் அப்பிடியே ஒண்டில்லை. மருந்து வேலை செய்யுது, எத்தனையோ உயிரைக் காப்பாத்துது, ஆனா கனக்கக் குப்பி தேவைப்படுது, ஒவ்வாமையும் கூட. தெற்கில தோட்டங்களில ஆக்களை அதிகம் கடிக்கிற கூன்மூக்கு விரியனுக்கு அந்த மருந்து செய்யப்படவே இல்லை. இலங்கைப் பாம்பில விஷம் எடுத்து மருந்து செய்ய வேணும் எண்டு இங்கத்தை மருத்துவர்கள் கன காலமாய்ச் சொல்லினம். அதுக்குப் பாம்பு வைச்சுப் பராமரிக்க ஆக்கள் வேணுமே.

புல்லாங்காடு:

யாழ் வடலி, இந்தியாவுக்குள்ளேயே அதே பிரச்சினைதான். 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள், வருடத்துக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு பீகார், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஆந்திரா, ராஜஸ்தான், குஜராத் பக்கம். மருந்துக்கான விஷமோ பெரும்பாலும் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பிடித்த பாம்பிடமிருந்து. ராஜஸ்தானில் வேறு கட்டுவிரியன் இருக்கிறது, வங்காளத்திலும் வடகிழக்கிலும் ஒற்றைக்கண் நாகம் இருக்கிறது. இந்த மருந்து அவற்றுக்கு எதிராகத் தடுமாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் சேகரிக்க வேண்டும் என்று விட்டேகரே பல வருடமாகச் சொல்லிவருகிறார். ஆலமரத்தடி கேட்ட கேள்விக்கு இதுதான் என் முழுப் பதில். நாட்டுக்கு இன்னும் சில நல்ல பாம்பு அறைகள் வேண்டும், ஆயிரம் மாடி அறைகள் வேண்டாம்.

ஆலமரத்தடி:

ஒப்புக்கொள்கிறேன். வேலு, உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் மற்ற மாநிலத்துக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

செங்கை_வேலு:

அப்பாவிடம் கேட்டேன் அண்ணா. முடியும் என்றார், 2017-இல் சடையனும் வடிவேலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிக் கிடக்கிற பர்மா மலைப்பாம்பைத் தேடிப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். பாஷை தெரியாமலே வேலை நடந்தது.

ஆனால் பிடிப்பது வேறு, வைத்துப் பார்த்துக்கொள்வது வேறு என்கிறார். புதிதாக வருகிறவனை முதலில் பானை கழுவ விடுவாராம். பிறகு மணலை வெயிலில் காயப்போட்டுச் சலிக்க வேண்டும். பிறகு துணிக் கட்டு. துணியைக் கட்டிவிட்டுப் பானையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பார், முடிச்சு நழுவினால் மறுபடி கட்டச் சொல்வார். கட்டத் தெரிந்த பிறகு, அடுத்தவர் விஷம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பேசக்கூடாது. பாம்பைக் கையில் கொடுப்பது அதற்கெல்லாம் பிறகுதான். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "அவன் அவசரப்படறதை நிறுத்துற வரைக்கும்" என்றார்.

எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது கட்டட வேலைக்கும் கம்பெனிக்கும் போகிறார்கள், நானும் அப்படித்தான். அப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை. வெளி மாநிலத்திலிருந்து யாராவது சங்கத்துக்கு எழுதிக் கேட்டால், சொல்லிக்கொடுக்க அவர் தயார்.